அடியில் வர வேண்டிய பெயர்

துறைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

உங்கள் துறைத் தலைவர் போனில் கூப்பிட்டு, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரச் சொன்னார். தலைப்பையும் அவரே கையில் கொடுத்துவிட்டார். கல்லூரி ஆசிரியர்கள் தங்களுக்குத் தெரிந்ததைப் பக்கத்து நாற்காலிக்காரருக்கும் சொல்லித் தர எது அவர்களைத் தூண்டும் என்பதுதான் தலைப்பு. எனக்குச் சிரிப்பு வந்தது. இதே தலைப்பில் எத்தனையோ பயிலரங்குகளில் உட்கார்ந்து எழுந்தவள் நான். திரையில் வட்டம் வரும், வட்டத்திலிருந்து அம்பு கிளம்பும், அம்பு இன்னொரு வட்டத்துக்குப் போய்ச் சேரும், அதற்குள் சாப்பாடு வந்துவிடும். சாப்பிட்டுவிட்டு எல்லோரும் அவரவர் அலமாரியைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவோம். என்னிடம் வட்டமும் இல்லை, அம்பும் இல்லை. நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். இப்போது நினைத்தாலும் நாற்காலியில் உட்கார முடியாமல் எழுந்து நடக்கத் தோன்றுகிற ஒன்று.

இந்த மாதிரிக் கட்டுரைகளில் 'என்னுடன் பணியாற்றிய ஒருவர்' என்று பெயரை மறைத்து எழுதுவதுதான் வழக்கம். நான் அப்படி எழுதப்போவதில்லை. சம்பந்தப்பட்டவரைக் கேட்டேன். "தாராளமாப் போடுங்க மேடம். இனிஷியலை மட்டும் விட்டுராதீக" என்றார். அதனால் சொல்கிறேன், அவர் பெயர் மு. கதிரேசன். இனிஷியலை ஏன் அப்படி வற்புறுத்தினார் என்பது படிக்கப் படிக்க உங்களுக்கே தெரிந்துவிடும்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருஷங்கள் அவை. நான் வேதியியல் துறைத் தலைவியாக இருந்தேன். எம்.எஸ்ஸி. வகுப்பு தொடங்கிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. பல்கலைக்கழகம் தற்காலிக அனுமதிதான் கொடுத்திருந்தது. டெல்லியிலிருந்து வந்த நிதியில் ஸ்பெக்ட்ரோ என்று நாங்கள் சுருக்கமாக அழைத்த ஒரு மிஷின் வாங்கினோம். ஒரு கரைசலுக்குள் வெளிச்சத்தைச் செலுத்தி, அதில் எந்தப் பொருள் எவ்வளவு இருக்கிறது என்று சொல்கிற மிஷின் அது. எங்கள் எம்.எஸ்ஸி. செய்முறை வகுப்புகளில் பாதி அதை நம்பித்தான் இருந்தன.

அதை இயக்கத் தெரிந்தவர் கதிரேசன் ஒருவர்தான். சென்னைக்குப் போய்ப் பயிற்சி எடுத்து வந்தவர். அறைச் சாவி அவர் சட்டைப்பையில் இருக்கும். மாணவர்கள் அவர் என்றால் உயிரை விடுவார்கள், அவ்வளவு நன்றாகப் பாடம் எடுப்பார். ஆனால் கூட வேலை பார்க்கும் ஒருவர் போய் அந்த மிஷினைப் பற்றிக் கேட்டால், "பழகினா வந்துரும் சார்" என்று ஒரே பதில்தான் வரும். பழகுவதற்கு மிஷினுக்குப் பக்கத்தில் போக வேண்டாமா? அறை பூட்டியிருக்கும். 'பழகினா வந்துரும்' என்பதையே அவருக்குப் பட்டப்பெயராக வைத்திருந்தோம். அவருக்கும் அது தெரியும்.

பல்கலைக்கழக ஆய்வுக்குழு முதல் தடவை வந்த அன்று கதிரேசன் விடுப்பில் இருந்தார். காரியாபட்டியில் அவர் தங்கை வீட்டில் விசேஷம். சாவியை அலுவலகத்தில் கொடுத்துவிட்டுப் போயிருந்ததால் அறையைத் திறந்துவிட்டோம். மிஷின் துணியுறை போட்டு மூடியிருந்தது. அதை எடுக்க எங்களில் ஒருவருக்கும் கை வரவில்லை. குழுத் தலைவர் மதுரைப் பக்கத்துப் பெரிய பேராசிரியர். அவரே உறையைத் தூக்கிப் பார்த்தார், எங்கள் முகங்களைப் பார்த்தார், மறுபடி உறையைப் போட்டு மூடினார்.

"இது உங்க துறையோட மிஷினா, அவரோட மிஷினா?" என்று கேட்டார்.

மறுபடி வருவதாகவும், அப்போது தான் யாரைக் கை காட்டுகிறாரோ அந்த ஆசிரியர் இதை ஓட்டிக் காட்ட வேண்டும் என்றும் சொன்னார். முடியாவிட்டால் அடுத்த வருஷத்திலிருந்து எம்.எஸ்ஸி.க்கு ஆள் சேர்க்க முடியாது என்பதையும் மிகுந்த மரியாதையோடு சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வகுப்பு போவது என்றால் என்னவென்று எனக்கு ஒரு பெண்ணின் முகமாகத்தான் தெரிந்தது. பி.எஸ்ஸி. கடைசி வருஷத்தில் முத்துமாரி என்று ஒருத்தி படித்தாள். தாயில்பட்டிக்காரி. அவள் அம்மா பட்டாசு ஆலையில் வேலை செய்தார். எப்படியோ விஷயம் கேள்விப்பட்டு, ஆலை வேனிலிருந்து எங்கள் வாசலில் இறங்கி, வேலை உடுப்போடு நேராக என் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"இங்கன படிப்பு இருந்தா அனுப்புவோம் டீச்சர். மதுரைக்குன்னா அவுக அப்பா விடமாட்டாக. அப்புறம் அவளும் எங்கூட வேன்லதான் ஏறணும். இருக்குமா, இருக்காதா, அத மட்டும் சொல்லுங்க" என்றார்.

இருக்கும் என்று சொல்லி அனுப்பினேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. வேன்காரர் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.

அடுத்து நாங்கள் செய்த கூத்துகளைச் சொல்கிறேன், நீங்களும் ஒரு நாள் செய்வீர்கள். முதலில் முதல்வரைக் கொண்டு சுற்றறிக்கை விட்டேன். எல்லா ஆசிரியர்களுக்கும் செயல்விளக்கம் அளிக்க வேண்டும் என்று அதில் உத்தரவு. கதிரேசன் மறுக்கவில்லை. எங்களை வரிசையாக நிற்க வைத்து, கையேட்டில் உள்ளதைக் கந்த சஷ்டிக் கவசம் மாதிரி மூச்சு விடாமல் ஒப்பித்தார். முக்கியமான இடம் வரும்போதெல்லாம் அவர் முதுகுதான் எங்களுக்குத் தெரிந்தது. முடிந்ததும் "சந்தேகம் இருக்கா?" என்று கேட்டார். சந்தேகம் வருவதற்காவது ஏதாவது புரிந்திருக்க வேண்டும்.

அது பலிக்கவில்லை என்றதும் முதல்வர் ஒரு யோசனை சொன்னார். கூட்டம் போட்டு, பொன்னாடை போர்த்தி, சான்றிதழ் கொடுத்து, ஆசிரியப் பணியின் மேன்மை பற்றி நீளமாகப் பேசினார். கதிரேசன் பொன்னாடையை மடித்துக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு, சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போய்விட்டார். கடைசியாக என் முறை. நான் கோபக்காரி, உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். அறைக்குக் கூப்பிட்டுக் கத்தினேன். முத்துமாரியின் அம்மா வந்து நின்றதைச் சொன்னேன். அது மட்டும் அவரைத் தைத்தது என்று முகத்தில் தெரிந்தது. ஆனாலும், "சொல்லிக் குடுத்தேனே மேடம்" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

உத்தரவு போட்டாயிற்று, கௌரவம் செய்தாயிற்று, கத்தியும் ஆயிற்று. கெட்ட மனிதராக இருந்திருந்தால் என் வேலை சுலபமாகியிருக்கும். அவர் நல்லவர் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அப்படி எரிச்சல் வந்தது.

எங்கள் துறையிலேயே வயதில் சிறியவள் மாலதி. சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கல்லூரியின் கிழக்குச் சுவரை ஒட்டி ஒரு பிரஸ் இருந்தது, காலண்டரும் டைரியும் அடிக்கிற பிரஸ், அது அவள் சித்தப்பாவுடையது. காகிதக் கட்டுகளுக்கு நடுவில் வளர்ந்த பெண். அவள் கதிரேசனிடம் மிஷினைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. தாழ்வாரத்தில் போகும்போது அவர் மாணவர்களிடம் சொல்லும் ஒரு வாக்கியம் அவள் காதில் விழுந்திருக்கிறது. கரைசலை ஊற்றி வைக்கிற சின்னக் கண்ணாடிக் குப்பிக்கு இரண்டு பக்கம் மங்கல், இரண்டு பக்கம் பளபளப்பு. பளபளப்பான பக்கத்தில் விரல் பட்டால் அளவு கெட்டுப்போகும். அதற்கு அவர் "மங்கல் நமக்கு, பளபளப்பு வெளிச்சத்துக்கு" என்று சொல்லித் தருவார். மாலதி அதைத் தன் பி.எஸ்ஸி. வகுப்பில் சொல்லிவிட்டு, "இது நான் சொன்னதில்லை, கதிரேசன் சார் சொன்னது" என்று சேர்த்துச் சொல்லியிருக்கிறாள்.

அது எப்படியோ அவர் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. மறுநாள் ஆசிரியர் அறைக்கு வந்து அவள் மேஜை முன் நின்றார். நான் பக்கத்தில்தான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். ஏதோ சண்டை வரப்போகிறது என்று பேனாவை மூடினேன்.

"நீங்க கிளாஸ்ல எம் பேரச் சொன்னீகளாமே?" என்றார்.

மாலதி எழுந்து நின்றுவிட்டாள். "ஆமா சார். தப்பா சார்?"

"தப்பில்ல. எதுக்குச் சொன்னீக?"

"நீங்க சொன்னதுதான சார் அது. எங்க பிரஸ்ல யாரு கடைக்குக் காலண்டர் அடிச்சாலும் அடியில எங்க பிரஸ் பேரு பொடி எழுத்துலயாவது வரும். அது இல்லாம ஒரு தாளு வெளிய போச்சுன்னா சித்தப்பா சாப்பிட மாட்டாக. அதப் பாத்தே வளந்துட்டேன். பழக்கதோஷம் சார்" என்றாள்.

கதிரேசன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் ஆசிரியர் அறையில் உட்கார்ந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். எங்கள் கல்லூரிக்கு வருவதற்கு முன்னால் வேறொரு ஊரில் வேலை பார்த்தபோது நடந்ததைச் சொன்னார். இளம் வயது, உற்சாகம். செய்முறை வகுப்புகளுக்கென்று தானாக யோசித்து, தப்பு வரும் இடங்களையெல்லாம் கண்டுபிடித்து, ஒரு மூத்த ஆசிரியரிடம் ஆசையாக எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். அடுத்த வருஷம் அது கையேடாக அச்சாகி வந்தது. அட்டையில் மூத்தவர் பெயர். முன்னுரையில் மூத்தவரின் மனைவிக்கு நன்றி, அச்சகத்துக்கு நன்றி, தட்டச்சு செய்தவருக்கு நன்றி. கதிரேசன் பெயர் மட்டும் எங்கேயும் இல்லை.

"பூராத்தையும் ரெண்டு தடவ தேடிப் பாத்தேன் மேடம்" என்றார் என்னிடம். "கோவம்கூட வரல. அசிங்கமா இருந்துச்சு."

இத்தனை நாள் இவரை என்னவெல்லாம் திட்டியிருக்கிறோம் என்று நினைத்தேன். மறுநாள் காலை வந்தபோது ஆசிரியர் அறையின் பெரிய மேஜையில், தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில், அந்தச் சாவி கிடந்தது. "இனிமே இங்கனயே கெடக்கட்டும்" என்றார் கதிரேசன். சொல்லிவிட்டு, எங்கள் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படிச் சொல்வது! பணிக்காலம் முழுவதும் சேர்த்துப் பார்த்தாலும் அப்படி ஒரு காலம் எனக்கு வாய்க்கவில்லை. வகுப்பு முடிந்ததும் எல்லோரும் அந்தச் சின்ன அறைக்கு ஓடுவோம். கதிரேசன் முதலில் தயங்கித் தயங்கிச் சொன்னார். பிறகு அணை உடைந்த மாதிரி கொட்ட ஆரம்பித்தார். கையேட்டில் இல்லாத சமாச்சாரங்கள்தான் அவரிடம் ஏராளமாக இருந்தன. மூடியை எப்படி மூடினால் வெளிச்சம் கசியும், எந்தப் பட்டனை அவசரப்பட்டு அழுத்தினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும், இதெல்லாம். அருள் என்று ஒரு ஆசிரியர் இருந்தார், பேசவே மாட்டார், மிஷினைப் பார்த்தாலே வியர்க்கும். கதிரேசன் அவரைத்தான் முதலில் உட்கார வைத்தார். அருள் பதிலுக்கு, கிடைத்த எண்களைக் கணினியில் வரைபடமாக மாற்றுகிற வித்தையை எங்களுக்குக் காட்டினார். இந்த மனிதருக்கு இது தெரியும் என்றே எங்களுக்குத் தெரியாது. ஒருவர் கொடுத்ததும் அடுத்தவருக்குக் கை அரிக்கிறது, அதுதான் நடந்தது.

ஒரே ஒரு தொல்லை மட்டும் தீரவில்லை. சில நேரம் மிஷினில் எண்கள் நிலைக்காமல் ஆடிக்கொண்டே இருக்கும். கதிரேசன் அதற்கு உள்ளே இருக்கும் விளக்குத்தான் காரணம் என்று நம்பினார். விளக்கை மாற்றிப் பார்த்தார். அப்போதும் ஆடியது. ஆடி மாதம் தாண்டி, காலண்டர் சீசன் ஆரம்பித்ததும் ஆட்டம் அதிகமாயிற்று. ஒரு நாள் மத்தியானம் எல்லோரும் அலுத்துப்போய் உட்கார்ந்திருந்தோம். மாலதி திடீரென்று கிழக்குச் சுவர்ப் பக்கம் காதைத் திருப்பினாள்.

"சார், இப்ப ஓட்டுங்க" என்றாள்.

"ஏன்?"

"மஞ்ச கலரு அடிச்சு முடிஞ்சிருச்சு. பிரஸ்ல அடுத்த கலருக்காக மிஷினை நிறுத்திக் கழுவுறாங்க. சத்தம் நின்னுருச்சு பாருங்க."

கதிரேசன் பட்டனை அழுத்தினார். எண்கள் சொன்ன பேச்சுக் கேட்டு நின்றன. அடுத்த கலர் ஏறி, சுவருக்கு அந்தப் பக்கம் கடகடவென்று சத்தம் கிளம்பியதும் மறுபடி ஆட ஆரம்பித்தன. பிரஸ்ஸுக்கும் எங்களுக்கும் ஒரே மின்பாதை. அவர்கள் பெரிய மிஷினை ஓட்டும்போது எங்களுக்குக் கரண்ட் ஏறி இறங்குகிறது. எங்கள் ஸ்டெபிலைசரால் அதைச் சமாளிக்க முடியவில்லை. கதிரேசன் எழுந்து நின்று கை தட்டினார். நாங்களும் தட்டினோம். என்ன ஏதென்று பார்க்க அலுவலகத்திலிருந்து ஆள் வந்தது.

அன்றைக்கு மாலதிதான் சொன்னாள், இதையெல்லாம் சேர்த்து, மிஷினை ஓட்டும் வழியைப் பெரிய சுவர்த்தாளாக, காலண்டர் அளவில் அடித்து அறையில் மாட்டலாம் என்று. அடியில் 'செய்முறை: மு. கதிரேசன்' என்று போட வேண்டும் என்றாள். கதிரேசன் அதெல்லாம் எதற்கு என்றார். சொன்ன வாயோடு, இனிஷியலுக்குப் பிறகு புள்ளி வைக்க மறந்துவிடாதீர்கள் என்றும் சொன்னார். பிரஸ்ஸிலிருந்து புரூஃப் வந்தது. அடியில் பொடி எழுத்தில் அவர் பெயர் அழகாக உட்கார்ந்திருந்தது. "வீட்டுல காட்டிட்டுக் கொண்டாறேன்" என்று சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். அந்தக் கடைசி வரியை அவர் மனைவி படித்துப் பார்த்திருப்பார் என்று நினைக்கும்போது இப்போதும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

ஆய்வுக்குழு வருகிற நாள் வந்தது. காலையில் பிரஸ்ஸிலிருந்து சுருளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். எல்லோரும் சுற்றி நிற்க, மாலதி அதை விரித்தாள். பளபளவென்று என்ன ஒரு தாள்! மேலிருந்து கீழே படித்துக்கொண்டே வந்தோம். அடிக்கு வந்ததும் மாலதியின் கை நின்றுவிட்டது. அங்கே கதிரேசன் பெயர் இல்லை. அந்த இடத்தில், அதே பொடி எழுத்தில், பிரஸ்ஸின் பெயர் இருந்தது.

என்ன நடந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. அச்சுக்கு ஏற்றுகிற கடைசி நேரத்தில் சித்தப்பாவே ஒரு தடவை பார்த்திருக்கிறார். அடியில் தங்கள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ ஒருவர் பெயர் இருக்கிறது. வேறு வேலையிலிருந்து தவறி வந்து ஒட்டிக்கொண்டது என்று நினைத்து, எடுத்துவிட்டுத் தன் பிரஸ் பெயரைப் போட்டுவிட்டார். எத்தனை வருஷப் பழக்கதோஷம். கெட்ட எண்ணம் துளிகூட இல்லை. ஆனால் கதிரேசனுக்கு இது இரண்டாவது முறை. மறுபடியும் அச்சகத்துக்குப் பெயர் இருக்கிறது, அவருக்கு இல்லை.

அவர் அந்த வரியைப் பார்த்தார். முகத்தில் இருந்த வெளிச்சம் அப்படியே வடிந்தது. அறையை விட்டு வெளியே போனார். சாவியை எடுத்துக்கொண்டு போகவில்லை, அது மட்டும்தான் எனக்கு ஆறுதல். மாலதி அழுதேவிட்டாள். அருள் பேனாவை எடுத்து, பிரஸ் பெயருக்கு மேலே கதிரேசன் பெயரை எழுதப் போனார். நான் அவர் கையைப் பிடித்தேன்.

இந்த இடத்தில்தான் நீங்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். குழுவின் கார் வாசலுக்கு வந்துவிட்டது. கதிரேசன் பின்னால் ஓடிச் சமாதானம் சொல்லலாம். சொன்னால், வேலை ஆக வேண்டும் என்பதற்காகக் குழைகிறோம் என்றுதான் அவருக்குப் படும். பேனாவால் எழுதினால், விட்டுப்போன பெயரைப் பிறகு சேர்த்தோம் என்று ஊருக்கே காட்டுவது போல் ஆகும். ஒன்றும் நடக்காத மாதிரி தாளை மாட்டிவிடலாம். அதை நினைக்கவே எனக்குக் கூசியது. தாளைச் சுருட்டி அலமாரிக்கு மேல் வைத்தேன்.

"சுவத்துல இல்லாட்டிப் போகுது, வாயில இருக்குல்ல?" என்றேன். "அவர்கிட்ட கத்துக்கிட்டத அவர் பேரோட சொல்லுங்க. ஒரு இடத்துலயும் விட்டுறாதீக."

குழுத் தலைவர் உள்ளே வந்தார். எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். கடவுள் இருக்கிறாரே, அவர் கை அருளைத்தான் காட்டியது. அருளுக்குச் சட்டை நனைந்துவிட்டது. துணியுறையை எடுத்தார். குப்பியைக் கையில் எடுத்ததும் அவருக்குக் குரல் வந்தது. "கதிரேசன் சார் சொல்லுவாங்க, மங்கல் நமக்கு, பளபளப்பு வெளிச்சத்துக்கு" என்றார். குழுவில் ஒருவர் சிரித்தார். மூடியைக் கசியாமல் மூடிவிட்டு, இது கதிரேசன் சார் காட்டிக் கொடுத்தது என்றார். ஒவ்வொரு படியிலும் அந்தப் பெயர் வந்தது. ஒரு கட்டத்தில் பயம் போய், அருள் சொந்த வீட்டில் நடமாடுகிற மாதிரி வேலை செய்ய ஆரம்பித்தார்.

பட்டனை அழுத்த வேண்டிய நேரத்தில் அருள் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றார். ஏன் நிற்கிறீர்கள் என்று தலைவர் கேட்டார். பக்கத்துப் பிரஸ்ஸில் கலர் மாற்றுகிற வரைக்கும் பொறுக்க வேண்டும் என்று அருள் சொன்னதும் குழுவே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. சுவருக்கு அந்தப் பக்கம் கடகடச் சத்தம். எண்கள் ஆடிக்கொண்டிருந்தன. நிமிஷங்கள் போயின. மாலதி கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். சத்தம் நின்றது. அருள் அழுத்தினார். எண்கள் ஆணி அடித்த மாதிரி நின்றன.

தலைவர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார். "யாரு இந்தக் கதிரேசன்?" என்று கேட்டார்.

"நாந்தாங்க" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. கதிரேசன் எப்போது வந்து நின்றார் என்று எங்களுக்குத் தெரியாது. பின்னால் ஒரு நாள் ஏன் திரும்பி வந்தீர்கள் என்று கேட்டேன். "யாராச்சும் குப்பிய பளபளப்புப் பக்கம் பிடிச்சிருவாகளோன்னு இருப்புக் கொள்ளல மேடம்" என்றார்.

தலைவர் அவரிடம் போய்க் கை குலுக்கினார். பல கல்லூரிகளில் இதே மிஷின் இதே ஆட்டம் ஆடுகிறது, எல்லோரும் விளக்கைத்தான் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்றார். "இந்தப் பிரஸ் விஷயத்தைக் கண்டுபிடிச்சீங்களே, அதுக்கே உங்களைப் பாராட்டணும்" என்றார்.

அருள் எல்லாவற்றுக்கும் அவர் பெயரைச் சொன்ன வேகத்தில் அதுவும் அவருடையது என்று ஆகிவிட்டது. ஒரு புன்னகை செய்தால் போதும், அந்தப் பெருமையும் அவர் பெயரில் ஏறிவிடும். அன்று காலையில்தான் அவர் பெயர் அச்சில் விட்டுப்போயிருக்கிறது. எடுத்துக்கொண்டால் நாங்களும் ஒன்றும் நினைத்திருக்க மாட்டோம். மாலதியே நினைத்திருக்க மாட்டாள்.

"அது எனக்குத் தெரியாதுங்க" என்றார் கதிரேசன். "நானும் விளக்குதான்னு நெனச்சு மாத்திக்கிட்டு இருந்தேன். கண்டுபிடிச்சது மாலதி மேடம். அந்தா, அங்கன நிக்காக."

மாலதி சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். எனக்கு அடக்க முடியவில்லை. குழு முன்னாலேயே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தலைவர் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அனுமதி வந்தது. முத்துமாரி விண்ணப்பம் கொடுக்க வந்தபோது அவள் அம்மாவும் வந்தார். அன்றைக்கு வேனைப் போகச் சொல்லிவிட்டு வந்திருந்தார். இந்த முறை உட்கார்ந்து காப்பி குடித்தார்.

இளையவர்களே, உங்களுக்குப் பக்கத்து மேஜையில் ஒரு 'பழகினா வந்துரும்' கட்டாயம் இருப்பார். சுற்றறிக்கை விடாதீர்கள், பொன்னாடை வாங்காதீர்கள். உங்களுக்கே தெரியாமல் அவரிடமிருந்து நீங்கள் எடுத்துக்கொண்ட ஏதாவது ஒன்று உங்களிடம் இருக்கும். அவர் இல்லாத இடத்தில் அதை அவர் பெயரோடு சொல்லிப் பாருங்கள். அவர் காதுக்கு அது போய்ச் சேரும், நான் பார்த்திருக்கிறேன். ஒருவேளை நீங்களே அந்த மேஜைக்காரராகவும் இருக்கலாம். அப்படியானால் கதிரேசனுடைய இன்னொரு காரியத்தையும் கேளுங்கள்.

குழு போன மறுநாள், விஷயம் தெரிந்து சித்தப்பா கூனிக் குறுகி வந்து நின்றார். தாளைப் புதிதாக அடித்துத் தருகிறேன், அடியில் சார் பெயரை மட்டும் போட்டுவிடுகிறேன், எங்கள் பெயர் வேண்டவே வேண்டாம் என்று மன்றாடினார். கதிரேசன் ஒத்துக்கொள்ளவில்லை. தன் பெயர் வேண்டும் என்றார். மாலதி பெயரும் வேண்டும், வரைபடம் சொல்லிக் கொடுத்த அருள் பெயரும் வேண்டும் என்றார். அடித்தது நீங்கள்தானே, பிரஸ் பெயரும் கட்டாயம் இருக்க வேண்டும் என்றார். சித்தப்பா தாளை மேஜையில் விரித்து, விரலால் இடத்தை அளந்து பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"அடியில இம்புட்டுப் பேரு போட்டா எடம் பத்தாதே சார்."

கதிரேசன் குனிந்து, தான் அத்தனை நாளாகப் பூட்டி வைத்திருந்த அந்தச் செய்முறையை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தார்.

"மேல கொஞ்சம் சுருக்கிக்கோங்க" என்றார்.